எண் 117: பேசாத தாய்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் குட்டியின் அம்மாவுக்குப் பெயர் ரேடியோ. முப்பது வருடங்களாக அதே பெயர்தான். நான்கு இயந்திரங்கள் ஒன்றாக ஓடி, நீராவி சீறி, பக்கத்தில் நிற்பவர் சொல்வதே காதில் விழாத அந்த இடத்தில் ரேடியோ பேசுவது மட்டும் கடைசி மேசை வரைக்கும் கேட்கும். எந்த நர்ஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, எந்த டாக்டர் பையில் பேனாவோடு சட்டையைச் சலவைக்குப் போட்டு ஒரு கூடைத் துணியையும் நீலமாக்கினார், எல்லாம் அவள் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியவரும். "கொஞ்சம் வாயை மூடேன், காது புளிச்சுப்போச்சு" என்று மேற்பார்வைக்காரி தினமும் திட்டுவாள். ரேடியோ லீவு போட்ட நாளில் அதே மேற்பார்வைக்காரி, "என்னமோ இன்னிக்கு நேரமே போக மாட்டேங்குது" என்று முணுமுணுப்பாள்.

இந்த ரேடியோவின் ஒரே மகள்தான் குட்டி. முப்பத்தொரு வயதாகிறது, நெற்றியோரம் நாலைந்து நரைகூட வந்தாயிற்று, இன்னும் குட்டிதான். அப்பா முகம் ஞாபகமில்லை. அவளுக்கு இரண்டு வயதிலேயே போய்விட்டார். பல்கலைக்கழகத்தில், மனித வளர்ச்சியும் கொள்கையும் என்று பெயர்ப் பலகை மாட்டிய துறையில், முனைவர் பட்டத்துக்கு ஏழாவது வருடமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அது என்ன படிப்பு என்று யாராவது கேட்டால் அம்மா அசராமல் சொல்வாள்: "பிள்ளைங்க எப்படி வளருது, ஏன் சிலது மேல வருது, சிலது வர்றதில்லன்னு கண்டுபிடிக்கிற படிப்பு. கண்டுபிடிச்சு கவர்மென்ட்டுக்குச் சொல்வாங்க. கவர்மென்ட்டு அதை வெச்சு சட்டம் போடும்." துறைத் தலைவரைக் கேட்டிருந்தால் இதையே முக்கால் மணி நேரம் சொல்லியிருப்பார்.

அந்தத் துறையின் பெருமையே ஒரு பழைய ஆய்வுதான். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் தொழிலாளர் குடியிருப்புகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அந்த வீட்டுப் பிள்ளைகளை மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரைக்கும் வருடம் ஒருமுறை போய்ப் பார்த்தார்கள். முதலில் அரை மணி நேரம் பிள்ளைக்கு மரக்கட்டைகளை அடுக்கும் பரீட்சை. பிறகு ஒரு மணி நேரம் வந்தவர் மூலையில் உட்கார்ந்து தாயையும் பிள்ளையையும் கவனிப்பார். நாற்பத்தைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. தாய் பிள்ளையிடம் தானாகப் பேசுகிறாளா? பிள்ளை கேட்டதற்கு வாயால் பதில் சொல்கிறாளா? ஒருமுறையாவது கொஞ்சுகிறாளா? எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்ததில், இந்தக் குடியிருப்புத் தாய்மார்கள் பெற்ற பிள்ளையோடு பேசுவதே இல்லை என்று முடிவு வந்தது.

அதை எழுதிய இளம் விரிவுரையாளர்தான் இன்றைய பேராசிரியை, குட்டியின் வழிகாட்டி. அவர் எழுதியதை வைத்து அரசாங்கம் 'பேசும் தாய்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குடியிருப்பில் இருக்கிறவர்கள் பிள்ளைக்கு நர்சரியில் இடம் கேட்டால், தாய் இருபது சனிக்கிழமை பேச்சு வகுப்புக்குப் போன சான்றிதழைக் காட்ட வேண்டும். சலவைக்கூடத்தில் சுருட்டை என்று ஒரு பெண். தலைமுடியால் வந்த பெயர். கைக்குழந்தைக்காரி. சனிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளும் போய்க்கொண்டிருந்தாள்.

"ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கையில குடுத்து 'பாப்பா, இது பந்து'ன்னு சொல்லச் சொல்றாங்கக்கா. சொன்னேன். முகத்துல சிரிப்பு பத்தல, இன்னொரு தடவை சொல்லுங்கிறாங்க."

"என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா அந்தப் பொம்மை எழுந்து ஓடியே போயிருக்கும்" என்றாள் ரேடியோ. கூடமே சிரித்தது.

குட்டிக்கு வந்த வேலை, இந்தப் பழைய கோப்புகளை இரும்பு அலமாரியிலிருந்து எடுத்துக் கணினியில் ஏற்றி, பேசாத வீட்டுப் பிள்ளைகள் படிப்பில் எப்படித் தேய்ந்துபோனார்கள் என்று காட்டுவது. அதைக் காட்டிவிட்டால் அவளுக்குப் பட்டம், திட்டத்துக்கு இன்னும் பத்து ஊர். திட்ட இயக்குநரகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலியும் உண்டு என்று பேராசிரியை சொல்லியிருந்தார். கோப்புகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நிலவறையில் தும்மித் தும்மி ஒரு நாளைக்கு நான்கு கோப்பு முடிப்பாள்.

எண் 117 ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. முதல் பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்தது: 'ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் கொதிகலன் கொட்டகையின் சுவர். தாய் ஆஸ்பத்திரிச் சலவைத் தொழிலாளி. தந்தை இல்லை. பெண் குழந்தை. வலது மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு.' குட்டி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

துணிப்பையில் கட்டைகளோடு வருடா வருடம் ஒரு அக்கா வந்துபோனது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இந்தத் துறையிலிருந்துதான் வந்தாள் என்பது அன்றுவரை தெரியாது. அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள். தானாகப் பேசுகிறாளா, இல்லை. பதில் சொல்கிறாளா, இல்லை. கொஞ்சுகிறாளா, இல்லை. நாற்பத்தைந்துக்கு ஒன்பது. கீழே ஒரு குறிப்பு: 'குழந்தை பதினான்கு முறை அழைத்தும் தாய் துணி மடிப்பதிலேயே இருந்தார். உணர்ச்சி மந்தமானவர் போலத் தெரிகிறது.' ஐந்து வருடமும் அப்படித்தான்; மை மட்டும் மாறியிருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. தன் அம்மாவா? படுக்கை விரிப்பில் இருக்கிற ஒவ்வொரு கறைக்கும் ஒரு கதை சொல்லி, அந்தக் கதை முடிவதற்குள் தட்டைக் காலி செய்ய வைத்தவளா? பல் தேய்க்கும்போதும் பேசி, நுரையைத் துப்பிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவளா? பிறகு சிரிப்பு நின்றது. அச்சடித்த தாளில் டிக் போட்டிருந்தால் ஏழு வருடம் படித்தவளுக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிடுகிறது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

சாயங்காலம் அம்மா டீ போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, சின்ன வயசுல பை தூக்கிட்டு ஒரு அக்கா வருவாங்களே, ஞாபகம் இருக்கா?"

"கட்டை அக்கா! மறப்பேனா? நல்ல பொண்ணு. ஒரு வருஷம் உனக்கு ரப்பர் வெச்ச பென்சில் குடுத்துட்டுப் போச்சு."

"அவங்க வந்தா நீ ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டே?"

"பேசக் கூடாதுன்னு சொன்னாங்களேடி! வந்து உக்காந்ததும் அதைத்தான் சொல்லும். 'நீங்க வாயைத் தொறக்கக் கூடாது, பிள்ளைக்கு எதையும் எடுத்துக் குடுக்கக் கூடாது, நான் இங்க இல்லாத மாதிரியே இருங்க'ன்னு. ஒன்றரை மணி நேரம்! உங்கப்பா செத்தன்னிக்குக்கூட நான் அவ்வளவு நேரம் வாயை மூடினதில்ல."

"அது கட்டை அடுக்கறப்ப மட்டும்தாம்மா. அதுக்கப்புறம் பேசலாம்."

"அப்படின்னு யாரு சொன்னா? அது பாட்டுக்கு மூலையில உக்காந்து எழுதிட்டே இருந்துச்சு. பரீட்சை இன்னும் நடக்குதுன்னுதானே நெனப்பேன்? நீ வேற அம்மா, அம்மான்னு பாவாடையைப் பிடிச்சு இழுக்கறே. திரும்பினா பேசிடுவேன். பேசினா உனக்கு மார்க்கைக் குறைச்சிடுவாங்களோன்னு பயம். பல்லைக் கடிச்சிட்டுத் துணியை மடிச்சேன். மடிச்சதையே பிரிச்சு மடிச்சேன்." சொல்லிவிட்டு அம்மா திரும்பினாள். "இப்ப எதுக்குக் கேக்கறே?"

குட்டி சொன்னாள். மறைத்திருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் மறைத்துப் பழக்கமில்லை. டீ பொங்கி அடுப்பில் வழிந்தது, அம்மா அணைக்கவில்லை. "பதினாலு தடவையா கூப்பிட்டே?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளிலிருந்து குட்டி வெறி பிடித்தவள் மாதிரி வேலை செய்தாள். களப்பணிக் கையேட்டைத் தேடி எடுத்தாள். ஆறாம் பக்கத்தில் கட்டைப் பரீட்சைக்கு முன், தாய் பேசக் கூடாது என்று சொல்லவும் என்று இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் கவனிப்பு ஆரம்பம். இனி நீங்கள் பேசலாம் என்று சொல்லும்படி எந்தப் பக்கத்திலும் இல்லை. ஏன் இல்லை என்பதற்கும் அந்தக் கையேட்டிலேயே காரணம் கிடைத்தது. ஒத்திகை பார்த்தது விரிவுரையாளர்கள் வீட்டில். கடைசிக் கட்டையைப் பையில் போடுவதற்குள் அந்த வீட்டுத் தாய்மார்கள், எங்கள் பிள்ளை எப்படிச் செய்தான் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு யாரும் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குடியிருப்பில் அப்படியில்லை. படித்தவர் ஒருவர் வாயை மூடு என்றால், திற என்று அவரே சொல்கிறவரைக்கும் மூடித்தான் இருப்பார்கள். இத்தனை படித்தவர்கள் கூடிச் செய்த ஆய்வில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

கட்டை அக்காவையும் தேடிப் பிடித்தாள். ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மாள் இப்போது பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டியிருந்தது.

"கையேட்டுல உள்ளதைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாப் பேசினா வேலையை விட்டுத் தூக்கிடுவோம்னு சொல்லியிருந்தாங்க. அதனால நானும் சொல்லல. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கும். நான் படியிறங்கினதும் உள்ள படபடன்னு பேச்சுச் சத்தம் கேக்கும். ஆனா அதை எழுத பாரத்துல கட்டம் இல்லையேம்மா."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அந்த அம்மாள் அடுத்த டிக்கெட்டைக் கிழித்தார்.

இன்னும் ஒன்றும் கிடைத்தது. ஆள் போன நேரத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தால், எழும்வரை காத்திருந்து முதலில் கவனிப்பை முடித்துவிட்டுப் பிறகு கட்டையை எடுத்திருக்கிறார்கள். அப்படி நாற்பத்தெட்டு முறை நடந்திருந்தது. அந்த நாற்பத்தெட்டிலும் தாய்மார்கள் வாய் ஓயாமல் பேசியிருந்தார்கள். எண் 84-இல் ஒரு தாய்க்கு முதல் வருடம் பன்னிரண்டு, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்த அடுத்த வருடம் முப்பத்துநான்கு, அதற்கடுத்த வருடம் மறுபடி பதினொன்று. நடுவில் ஒரு வருடம் மட்டும் அவளுக்கு வாய் முளைத்ததா என்ன? குட்டி இதையெல்லாம் ஓர் அத்தியாயமாக எழுதினாள். இவ்வளவு தெளிவாக அவள் அதற்கு முன் எதையும் எழுதியதில்லை. எழுதி முடித்தபோது, சனிக்கிழமை வகுப்பையே நிறுத்திவிடுவார்கள் என்றுகூட நம்பினாள்.

பேராசிரியை முழுவதையும் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார். அதில் குறை சொல்ல முடியாது. கதவைச் சாத்தி, டீ வரவழைத்து, பிஸ்கட்டையும் அவள் பக்கம் தள்ளினார்.

"நீதான் அந்த நூத்திப் பதினேழா? எனக்குப் புல்லரிச்சுப் போச்சும்மா. பேச்சே இல்லாத வீட்டுலேர்ந்து ஒரு பொண்ணு முனைவர் பட்டம் வரைக்கும் வந்திருக்கா. இதை நம்ம ஆண்டறிக்கையில போடணும்."

"எங்க வீட்டுல பேச்சு இல்லாம இல்ல, மேடம். நான் எழுதியிருக்கிறதே அதுதான்."

"படிச்சேன். நல்லா எழுதியிருக்கே." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா ஒண்ணு யோசிச்சியா? ஆய்வுக்கு உட்பட்டவங்களே ஆய்வை அலசக் கூடாது. உன் கோப்பை நீயே திறந்து படிச்சிருக்கே. கட்டை அடுக்க வெச்சவங்களைத் தேடிப் போய்ப் பேசியிருக்கே. இது நெறிமுறைக் குழுவுக்குப் போனா அந்த அத்தியாயம் மட்டுமா போகும்? மொத்தமும் போயிடும். உன் பதிவு முடிய நாலு மாசம்தான் இருக்கு."

"நான் சொல்றது தப்புன்னு சொல்றீங்களா, மேடம்?"

"தப்புன்னு நான் சொல்லலையே. நீ சொல்ல முடியாதுன்னு சொல்றேன். வேற யாராவது என்னிக்காவது கண்டுபிடிக்கட்டும். அந்த அத்தியாயத்தை எடுத்துடு. நீ நூத்திப் பதினேழுன்னு நானும் கேள்விப்படல." எழுந்து வந்து தோளைத் தட்டினார். "அம்மா சந்தோஷத்தை நெனச்சுப் பாரு."

அம்மாவின் சந்தோஷம் பேராசிரியைக்கு எப்படித் தெரியும் என்று குட்டிக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. மகள் டாக்டர் ஆகப் போகிறாள், ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அதற்கும் மேலே என்று அம்மா ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வார்டு வார்டாகத் துணி எடுக்கப் போகிறவள் வாய் சும்மா இருக்குமா? பட்டமளிப்பு விழாவுக்குப் போட்டுக்கொள்ளச் செருப்புகூட வாங்கியாயிற்று.

நாலு நாள் யோசித்துவிட்டுக் கடைசியில் அம்மாவிடமே கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. முடிவு எடுக்கத் தெம்பில்லாமல் அதைத் தூக்கி அம்மா தலையில் வைக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

"எடுத்துடு" என்றாள் அம்மா, ஒரு நொடிகூட யோசிக்காமல். "என்னைப் பத்தி எவளோ என்னமோ எழுதினா எனக்கென்ன குறைஞ்சு போச்சு? பேர்கூட இல்லைங்கிறியே, நம்பர்தானே? ஏழு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில போடுவியா?"

"உன்னைப் பத்தி மட்டும் இல்லம்மா. சுருட்டை அக்கா சனிக்கிழமை போறாங்கல்ல, அதுவும் இதனாலதான்."

"அவ போனா போயிட்டு வரட்டும். இருபது வாரம்தானே." அம்மா துண்டை உதறிக் கொடியில் போட்டாள். திரும்பாமலேயே கேட்டாள். "குட்டி, நான் அப்படித் திரும்பிப் பாக்காம இருந்தது உனக்கு அப்ப கஷ்டமா இருந்துச்சா?"

"எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றாள் குட்டி. பொய். கட்டை அக்கா வந்தாலே அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும் என்று நினைத்து அழுத ஞாபகம் அவளுக்கு இருந்தது.

அத்தியாயத்தை எடுத்தாள். எடுத்த இடம் தெரியாமல் பக்க எண்களைச் சரிசெய்வதற்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. நூற்றுப் பதினேழுக்கு ஒன்பது, எண்பத்துநான்குக்குப் பன்னிரண்டு என்று அட்டவணையில் எல்லாம் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டன.

வாய்மொழித் தேர்வுக்குக் குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள். அம்மா புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மெலிந்த, பொறுமையான மனிதர். ஒவ்வொரு பக்கத்தையும் படித்திருந்தார் என்பது அவர் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்தது. கடைசியாக ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"எண்பத்துநாலாம் எண்ணை மட்டும் பாருங்க. பன்னிரண்டு, முப்பத்துநாலு, பதினொண்ணு. ஒரே தாய் ஒரு வருஷம் பேசறாங்க, மறு வருஷம் பேசறதில்ல. எனக்கு இது இடிக்குது. இந்த வீட்டுக் கவனிப்பு நம்பகமானதுதானா? களத்துல ஏதாவது தப்பு நடந்திருக்கலாம்னு உங்களுக்குச் சந்தேகம் வரலையா? மனசுல பட்டதைச் சொல்லுங்க, இதனால பட்டம் ஒண்ணும் நிக்காது."

அவர் இப்படிக் கேட்பார் என்று குட்டி எதிர்பார்க்கவில்லை. வாசலைத் திறந்து வைத்து, வா என்று கூப்பிடுகிற கேள்வி. பேராசிரியை பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். குட்டி கடைசி வரிசையைப் பார்த்தாள். அம்மா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். எடுத்துடு என்று சொன்ன அதே அம்மாதான். ஆனாலும் அந்த முகத்தில் இருந்தது வேறு. மகள் ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள் என்று அது காத்துக்கொண்டிருந்தது.

"சந்தேகம் இல்லை, சார்" என்றாள் குட்டி. "நம்பகமானதுதான். எண்பத்துநாலு ஒரு விதிவிலக்கு."

தேர்வாளர் தாளைக் கீழே வைத்துவிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். திரும்பி வரும்போது பேருந்தில் அம்மா மின்விசிறியைப் பற்றிப் பேசினாள், நாற்காலி மெத்தையைப் பற்றிப் பேசினாள், தேர்வாளர் சட்டைக் காலருக்கு யார் கஞ்சி போட்டார்களோ கைவிரல் ஒட்டுகிற மாதிரி போட்டிருக்கிறார்கள் என்று பேசினாள். வீடு வரும்வரைக்கும் நிறுத்தவில்லை.

அடுத்த நாள் பிஸ்கட் டப்பாவோடு குட்டி சலவைக்கூடத்துக்குப் போனாள். அம்மாதான் வரச் சொல்லியிருந்தாள். இயந்திரங்களை ஐந்து நிமிஷம் நிறுத்திவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். மேற்பார்வைக்காரி அவள் கன்னத்தைக் கிள்ளி, "இனிமே உன்னைக் குட்டின்னு கூப்பிட்டா ஜெயில்ல போட்டுடுவியா?" என்றாள். சுருட்டை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் எடுத்தாள்.

"அப்படி என்னத்தைப் பத்தித்தான் ஏழு வருஷம் எழுதினே குட்டி?"

குட்டி வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். "நம்மளைப் பத்தித்தான். நான் பெத்த பிள்ளைகிட்ட பேசவே மாட்டேன்னு எழுதியிருக்கா."

ஒரு வினாடி யாருக்கும் புரியவில்லை. பிறகு கூடமே அதிர்ந்தது. ரேடியோ பேச மாட்டாளாம்! ஒருத்தி துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மேற்பார்வைக்காரிக்குப் புரையேறிவிட்டது. ரேடியோ விட்ட ஜோக்குகளிலேயே இதுதான் ஜோக் என்றார்கள். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். குட்டியை மட்டும் அவள் பார்க்கவில்லை.

சுருட்டை கண்ணில் வந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "நிஜமாவா குட்டி? நிஜமாவே அப்படியா எழுதினே?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா" என்றாள் குட்டி. அவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.